பின்பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுங்கள்

(சென்னீர்குப்பத்தில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த பிள்ளைகள் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஜெர்மனியில் உயர்கல்வி’. நான் ஜெர்மனியைப் பார்த்ததில்லை. பூந்தமல்லியைச் சுற்றியே வேலை பார்த்து, பூந்தமல்லியைச் சுற்றியே ஓய்வு பெற்றவன். ஆனால் முப்பது வருஷம் கணக்கு நடத்தியிருக்கிறேன். ஆகவே அவ்வளவு பெரிய தலைப்பிலிருந்து ஒரே ஒரு கணக்கை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறேன். நம் பல்கலைக்கழகம் கொடுத்த மதிப்பெண்ணை ஜெர்மானியர் எப்படித் தங்கள் மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள்? அந்தக் கணக்கு தெரியாமல் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே கால் இடறுகிறார்கள்? இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

இதைப் பேச இந்த ஊர் பொருத்தமான ஊர்தான். நம்மைச் சுற்றிலும், பெங்களூரு நெடுஞ்சாலை நெடுகவும் ஆவடி சாலை நெடுகவும், பொறியியல் கல்லூரிகள். காலையில் ஏழு மணிக்குச் சாலையில் நின்றால் கல்லூரிப் பேருந்தும் கம்பெனிப் பேருந்தும் மாறி மாறிப் போகின்றன. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி தயாராகிறது. மகேந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ கார் தயாராகிறது. ஜெர்மனி என்ற பெயர் இங்கே யாருக்கும் புதிதல்ல. அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் நாட்டுக்கு மகள் படிக்கப் போக நினைக்கிறாள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,483 பேர் என்று அந்த நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி கணக்குச் சொல்கிறது. அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்தான் முதலிடம். சீனர்களுக்கு இரண்டாம் இடம்.

முதலில் ஓர் அடிப்படை. ஜெர்மனியில் 1 என்றால் மிக நன்று. 4 என்றால் தேர்ச்சி. 5 என்றால் தோல்வி. எண் குறையக் குறையப் பெருமை. இதைக் கேட்டதும் பல பேர் தலைகீழாக இருக்கிறதே என்கிறார்கள். இதில் தலைகீழ் என்ன இருக்கிறது? நம் வீட்டு ரேங்க் கார்டை நினைத்துப் பாருங்கள். பையன் ஒன்றாம் ரேங்க் வாங்கினால் பாயசம். நாற்பதாம் ரேங்க் வாங்கினால் அப்பா கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் இழுத்தடிப்பார். சின்ன எண் பெரிய மரியாதை என்பது நமக்கு எப்போதோ பழகிய சங்கதி. ஜெர்மானியர் அதையே மதிப்பெண்ணுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

1.0 முதல் 1.5 வரை ‘மிக நன்று’. 1.6 முதல் 2.5 வரை ‘நன்று’. 2.6 முதல் 3.5 வரை ‘திருப்தி’. அதற்குக் கீழே 4.0 வரை ‘போதும்’. உண்மையிலேயே அந்தச் சொல்லுக்குப் ‘போதும்’ என்றுதான் பொருள். ஆசிரியர் பெருமூச்சோடு சொல்கிற மாதிரி இருக்கும். இன்னொரு சின்ன விஷயம்: அவர்கள் தசமப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைக்கிறார்கள். கடிதத்தில் 2,5 என்று இருந்தால் அது இரண்டும் ஐந்தும் அல்ல, இரண்டரை.

இதில் 2.5 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகலைப் படிப்புகள் பலவற்றில் வாசல் கதவு அந்த எண்ணில்தான் இருக்கிறது. 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் இருந்தால் விண்ணப்பத்தைப் பிரித்துப் படிப்பார்கள். 2.6 என்றால் உங்கள் புராஜெக்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

சரி, நம் ஊரில் பத்துக்கு 8.0 என்பது அங்கே எப்படி 2-சொச்சம் ஆகிறது? அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மாணவர்கள் ‘பவேரியன் ஃபார்முலா’ என்பார்கள். தென் ஜெர்மனியில் உள்ள பவேரியா மாநிலத்தின் பெயரால் வந்தது. ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. எல்லா மாநிலக் கல்வி அமைச்சர்களும் சேர்ந்த ஒரு மாநாடு உண்டு. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களை மதிப்பிட அந்த மாநாடு 1991-இல் எழுதிக்கொண்ட உடன்பாட்டில் இந்தச் சூத்திரம் இடம்பெற்றது. பிறகு பட்டங்களை மதிப்பிடவும் பல்கலைக்கழகங்கள் அதையே எடுத்துக்கொண்டன.

சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த சாலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலை. பூந்தமல்லிதான் நூற்றுக்கு நூறு, உச்ச மதிப்பெண் என்று வையுங்கள். ஆவடிதான் தேர்ச்சிக் கோடு. அதைத் தாண்டினால் ஃபெயில். ஒரு மாணவன் பூந்தமல்லியில் பஸ் ஏறி எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் இறங்குகிறான். அவன் உச்சத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டான்? அதை மொத்தச் சாலையின் நீளத்தால் வகுங்கள். வருகிற பின்னத்தை மூன்றால் பெருக்குங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். அவ்வளவுதான் சூத்திரம். ஏன் மூன்று? ஜெர்மனியில் 1-க்கும் 4-க்கும் நடுவே மூன்று இருக்கிறது. ஏன் ஒன்றைக் கூட்ட வேண்டும்? அங்கே உச்சம் பூஜ்யத்தில் இல்லை, ஒன்றில் இருக்கிறது. பூந்தமல்லியிலேயே இறங்கியவனுக்கு 1.0. ஆவடி வரை போனவனுக்கு 4.0. நம் சென்னீர்குப்பத்தில் இறங்கியவன் நல்ல மாணவன், பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். (சிரிப்பு)

இப்போது நான் கேட்கிற கேள்விதான் இன்றைய பேச்சின் உயிர். அந்த பஸ் ஆவடி வரை போகாமல் பருத்திப்பட்டோடு திரும்பிவிடுகிறது என்று வையுங்கள். தேர்ச்சிக் கோடு நமக்குக் கிட்டே வந்துவிட்டது, சாலை குட்டையாகிவிட்டது. நீங்கள் இறங்கிய நிறுத்தம் அதேதான். ஆனால் மொத்தத் தூரத்தில் அது இப்போது பெரிய பங்கு. உங்கள் ஜெர்மன் மதிப்பெண் மோசமாகிவிட்டது. நீங்கள் ஒரு அடிகூட நகரவில்லை.

நம் வீடுகளில் பிள்ளை தேர்வு எழுதி வந்தால் என்ன கேட்கிறோம்? “எத்தனைக்கு எத்தனை?” உச்சத்தைக் கேட்போம், வாங்கியதைக் கேட்போம். “பாஸ் மார்க் எவ்வளவு?” என்று நன்றாகப் படிக்கிற பிள்ளையின் அப்பா என்றைக்குக் கேட்டிருக்கிறார்? அது கடைசி பெஞ்சுக்காரன் கவலை என்று விட்டுவிடுகிறோம். ஜெர்மன் கணக்கில் அந்தக் கடைசி பெஞ்சு எண்தான் முதல் பெஞ்சுக்காரனின் தலைவிதியை எழுதுகிறது.

வாய்க்கணக்காகவே பார்ப்போம். பத்துப் புள்ளி அளவுகோலில் ஒரு பெண் 8.0 வாங்கியிருக்கிறாள். உச்சத்திலிருந்து தூரம் 2.

தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் சாலையின் நீளம் 6. இரண்டை ஆறால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.0.

தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் நீளம் 5. விடை 2.2.

தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் நீளம் 4. விடை 2.5.

அதே 8.0 ஓரிடத்தில் 2.0, ஓரிடத்தில் 2.2, ஓரிடத்தில் 2.5. இப்போது 7.5 வாங்கிய பையனை எடுத்துக்கொள்வோம். 4 தேர்ச்சி என்றால் 2.25; பொதுவாக முதல் தசமத்துக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுவார்கள், ஆகவே 2.2. 5 தேர்ச்சி என்றால் சரியாக 2.5, வாசல்படியில் நிற்கிறான். 6 தேர்ச்சி என்றால் 2.875, அதாவது 2.8. வாசலுக்கு வெளியே நிற்கிறான்.

4, 5, 6 என்பதெல்லாம் நான் கணக்குக்காகக் கற்பித்த எண்கள் என்று நினைக்காதீர்கள். மூன்றும் நம் ஊரிலேயே இருக்கின்றன.

அடையாற்றுப் பக்கம் இருக்கும் ஐஐடி, 1959-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய நிறுவனம். அங்கே தேர்ச்சி பெற்றவர்களுக்கான கடைசி கிரேடு ‘இ’. அதன் புள்ளி 4. பல்கலைக்கழக மானியக் குழு விருப்பப் பாடமுறைக்காக நாடு முழுவதற்கும் பரிந்துரைத்த பத்துப் புள்ளி அளவிலும் தேர்ச்சிக் கிரேடுக்குப் புள்ளி 4.

அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வருவோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய சான்றிதழ் அங்கிருந்துதான் வருகிறது. ‘ரெகுலேஷன்’ என்று நீங்கள் சொல்வீர்களே, 2013 ரெகுலேஷன், 2017 ரெகுலேஷன், 2021 ரெகுலேஷன். 2013-இல் ஐம்பது மதிப்பெண்ணில் தேர்ச்சி. அந்தக் கடைசிக் கிரேடு ‘இ’, புள்ளி 5. 2017-இல் அந்தப் படியை எடுத்துவிட்டார்கள். 50 முதல் 60 வரை எல்லோருக்கும் ‘பி’, புள்ளி 6. 2021-இல் மறுபடியும் பிரித்தார்கள். 56 முதல் 60 வரை ‘பி’, 6 புள்ளி. 50 முதல் 55 வரை ‘சி’, 5 புள்ளி. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஐம்பது மதிப்பெண் தேர்ச்சி. எட்டு வருஷத்துக்குள் தேர்ச்சிப் புள்ளி மட்டும் ஐந்திலிருந்து ஆறுக்குப் போய், திரும்ப ஐந்துக்கு வந்துவிட்டது.

இதைக் கணக்கு வாத்தியாராக நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். 2017 விதியில் லாபம் யாருக்கு? 52 வாங்கியவனுக்கு. முன்பு 5 கிடைத்த இடத்தில் அவனுக்கு 6 கிடைத்தது. 80 வாங்கியவளுக்கு அப்போதும் 8, இப்போதும் 8. அவளுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றுதான் இங்கே இருக்கிறவரை தோன்றும். ஜெர்மனிக்கு விண்ணப்பம் போடும் அன்றைக்குத்தான் தெரியும். 2013 விதியில் 2.2 ஆக இருந்திருக்க வேண்டிய அவள் மதிப்பெண் 2.5 ஆகிவிட்டது. கீழே ஒரு படி கருணை காட்டினோம். அதன் விலையை மேலே இருப்பவள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கட்டுகிறாள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. விதி எழுதியவர்கள் பவேரியாவை நினைத்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் தங்கை மகன் 2017 ரெகுலேஷனில் மெக்கானிக்கல் படித்தவன். 2021-இல் முடித்தான். சிஜிபிஏ 7.6. ஒரு கன்சல்டன்சிக்குப் போனான், பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவரில் பிராண்டன்பர்க் வாயில் படம். அவர்கள் கம்ப்யூட்டரில் தட்டி 2.4 என்று சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 2.5 கேட்கிற ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போனது. இந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்க பெர்லினில் யூனி-அசிஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2003-இல் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உண்டாக்கியது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்துக்கும் சேர்த்து 195 யூரோ. பதினையாயிரம் ரூபாய்க்கு மேல்.

ஐந்தும் திரும்பின. மதிப்பெண் 2.8 என்று போட்டிருந்தது.

பையன் என்னிடம் வந்தான். “மாமா, அவங்க கணக்கு தப்பா மாமா?” என்றான். கிரேடு ஷீட்டைக் கொடுடா என்றேன். முன்பக்கத்தைப் பார்த்தேன். பாடக்குறியீடு, கிரெடிட், கிரேடு, எல்லாம் சரி. திருப்பினேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கிரேடுக்கு எத்தனை புள்ளி என்ற கட்டம். கடைசியில் இருந்த தேர்ச்சிக் கிரேடுக்கு எதிரே 6. கன்சல்டன்சிக்காரர் வழக்கம்போல 5 போட்டிருக்கிறார். 7.6-க்கு 5 போட்டால் 2.44, வெட்டினால் 2.4. ஆறு போட்டால் 2.8. பெர்லினில் இருந்தவர் கணக்குத் தப்பில்லை. அவர் பின்பக்கத்தைப் படித்திருக்கிறார். நாம் படிக்கவில்லை. நாலு வருஷம் அந்தக் காகிதம் அவன் வீட்டு பீரோவில் இருந்தது. முப்பது வருஷம் கணக்கு நடத்தின மாமா இரண்டு தெரு தள்ளி இருந்தேன். யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அவன் 2.8 என்றே வைத்துக்கொண்டு, 3.0 வரை எடுக்கிற படிப்புகளைத் தேடிப் போட்டான். இடம் கிடைத்தது. இப்போது அங்கேதான் இருக்கிறான். ஒரு வருஷம் போனதுதான் மிச்சம்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு யோசனை சொல்லும் அண்ணன்மார் உண்டு. “சிஜிபிஏ-வைச் சதவீதமாக்கிப் போடு. 7.6 என்றால் 76 சதவீதம். பாஸ் மார்க் 50. கணக்கு சரியாக 2.44 வரும்” என்பார்கள். கணக்கு வரும். ஆனால் உங்கள் சான்றிதழில் அச்சாகியிருப்பது சதவீதமா, புள்ளியா? எது அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் மாற்றுவார்கள். நம் வசதிக்கு உச்சத்தை ஒரு காகிதத்திலிருந்தும் தேர்ச்சியை இன்னொரு காகிதத்திலிருந்தும் எடுக்க முடியாது. சூத்திரத்தில் போகும் மூன்று எண்களும் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இது ஆறாம் வகுப்புப் பாடம். சென்டிமீட்டரை அங்குலத்தோடு கூட்டாதே என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம் இல்லையா?

சதவீதமாக்கினால் எப்போதும் லாபம் என்பதும் இல்லை. ஒரு பெண் எல்லாப் பாடத்திலும் சரியாக 71 வாங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். 71 முதல் 80 வரை எல்லோருக்கும் ‘ஏ’ கிரேடு, 8 புள்ளி. அவள் சிஜிபிஏ 8.0, 5 தேர்ச்சி என்றால் ஜெர்மனியில் 2.2. அவளுடைய உண்மையான 71-ஐ நூற்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவே வைத்துக் கணக்குப் போட்டால் 2.74, அதாவது 2.7. கிரேடு முறை அவளைத் தூக்கி வாசலுக்கு உள்ளே வைத்திருக்கிறது. எல்லாப் பாடத்திலும் 80 வாங்கியவளுக்கு இரண்டு வழியிலும் 2.2. ஒன்பது மதிப்பெண் வித்தியாசமுள்ள இரண்டு பிள்ளைகளை நம் கிரேடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது. மாற்றுகிற இடத்தில் மட்டும் அநியாயம் நடக்கிறது என்று நாம் சொல்ல முடியாது. அளக்கிற இடத்திலேயே நாம் கொஞ்சம் உருட்டிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

கலைக்கல்லூரிப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு 40 தேர்ச்சி, முதுகலைக்கு 50. பி.எஸ்சி.யில் 75 சதவீதம் வாங்கியவருக்கு 2.25, அதாவது 2.2. எம்.எஸ்சி.யில் அதே 75 வாங்கினால் 2.5. பிளஸ் டூவில் 35 தேர்ச்சி. அங்கே 75 வாங்கியிருந்தால் 2.1. ஒரே பிள்ளை, ஒரே 75, மூன்று சான்றிதழ், மூன்று எண். இலங்கையிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ நாலு புள்ளி அளவில் வருகிறவர்களுக்கும் இதே வழிதான். உச்சம் 4, தேர்ச்சி 2 என்று அவர்கள் சான்றிதழ் சொன்னால் 3.2 வாங்கியவருக்கு 2.2.

ஜெர்மன் பேசுகிற நாடுகளுக்குள்ளேயே இந்த வம்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவிலும் 1தான் சிறப்பு. சுவிட்சர்லாந்தில் தலைகீழ்: 6தான் சிறப்பு, 4 தேர்ச்சி. சுவிஸ் பிள்ளை 5 வாங்கினால் வீட்டில் சந்தோஷம். எல்லை தாண்டி அதே எண்ணை ஜெர்மன் பாட்டியிடம் சொன்னால் பாட்டிக்கு மயக்கம் வரும். (சிரிப்பு) ஆகவே நம்மை மட்டும் சோதிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இந்த எண் சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சூத்திரத்துக்கு மூன்று எண்கள்தான் தெரியும். ஒரு கல்லூரியில் வகுப்பில் பாதிப் பேர் 9-க்கு மேல் வாங்குகிறார்களா, இன்னொரு கல்லூரியில் 8 வாங்கவே ரத்தம் சிந்த வேண்டுமா, அது அதற்குத் தெரியாது. ஐஐடியின் 8-க்கும் மற்றோர் இடத்தின் 8-க்கும் பின்னால் உள்ள உழைப்பு தெரியாது. முதல் தடவையே பாஸ் பண்ணினாயா, அரியர் வைத்து எடுத்தாயா என்ற கேள்விக்கும் சூத்திரத்தில் இடமில்லை. ஜெர்மனியின் உள்ளேயே இந்தக் குறை உண்டு. அங்கே சட்டப் படிப்புக்குத் தனி அளவு, பதினெட்டுப் புள்ளி வரை. அதில் பாதியை எட்டினாலே கெட்டிக்காரர் என்று பெயர். உயிரியல் துறையில் மிக நன்று, நன்று என்று தாராளமாக வருகிறது. ஒரே நாட்டில், ஒரே கட்டடத்தில், இரண்டு துறையின் 2.0 ஒன்றல்ல.

இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் இந்த எண்ணோடு நிறுத்துவதில்லை. நீ படித்த பாடங்கள் எங்கள் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்று கிரெடிட் கிரெடிட்டாகப் பார்ப்பார்கள். நோக்கக் கடிதம் கேட்பார்கள். சில இடங்களில் நேர்காணல், சில இடங்களில் ஜிஆர்இ தேர்வு. வேறு அட்டவணை வைத்து மதிப்பிடுகிற இடங்களும் உண்டு. இறுதி முடிவு பல்கலைக்கழகத்துடையது. நீங்கள் வீட்டில் போடுகிற கணக்கு வழி தெரிந்துகொள்வதற்கான கணக்கு. அதை அச்சடித்து விண்ணப்பத்தோடு அனுப்பி வாதாட வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். பெற்றோர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் காசு உங்களுடையது.

2022 நவம்பர் 1 முதல், ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் விசா கேட்பதற்கு முன் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். டெல்லியில் இருக்கும் மதிப்பீட்டு மையம் உங்கள் சான்றிதழ் உண்மையானதுதானா என்று பார்த்துக் கொடுக்கிறது. கட்டணம் 18,000 ரூபாய். அடுத்து, அனாபின் என்று ஜெர்மன் அரசுத் தரப்பின் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தை ஜெர்மனி ஏற்றுக்கொள்கிறதா என்று அதிலேயே, வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள், விண்ணப்பத்தோடு யூனி-அசிஸ்ட் தருகிற முன்-ஆய்வு ஆவணம் ஒன்றைக் கேட்கின்றன. விபிடி என்பார்கள். அந்தக் காகிதத்தில்தான் உங்கள் மதிப்பெண் ஜெர்மன் மதிப்பெண்ணாக மாறி அச்சாகி வருகிறது. கையில் அது வந்துவிட்டால் யூகத்துக்கு வேலை இல்லை.

செலவு? பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. எல்லா இடத்திலும் இல்லை என்பது உண்மையல்ல. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. அதோடு ஒரு வருஷ வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோவாக உங்கள் பிள்ளைக்கே திரும்பி வரும் பணம்தான். ஆனால் முதலில் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு பணத்தைப் புரட்டுகிற குடும்பம், அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாதா?

போன வாரம் பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். ஒரு பெண் எட்டு செமஸ்டர் கிரேடு ஷீட்டையும் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணச் சொன்னாள். கடைக்காரத் தம்பி கேட்டான், “ஃப்ரன்ட் மட்டும்தானே அக்கா?” அவளும் ஆமாம் என்றாள். எதற்கும்மா என்று கேட்டேன். ஜெர்மனிக்கு அங்கிள் என்றாள். தம்பி, நிறுத்து, பின்னாலும் போடு என்றேன். இரண்டு பேரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். பின்பக்கம் முழுக்க வெறும் ரூல்ஸ்தானே அங்கிள் என்றாள். அம்மா, முன்பக்கம் நீ எழுதினது, பின்பக்கம் உன்னைப் பற்றி எழுதினது என்றேன். எட்டுத் தாளுக்கும் சேர்த்துக் கூடுதலாகப் பதினாறு ரூபாய் ஆனது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது நான்கே விஷயம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் கிரேடு ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள். தேர்ச்சிக்குரிய கடைசிக் கிரேடுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஒன்றும் அச்சாகவில்லை என்றால், அல்லது உங்களுடையது சொந்த விதி வைத்திருக்கும் தன்னாட்சிக் கல்லூரி என்றால், மதிப்பெண் அளவுகோலையும் தேர்ச்சிப் புள்ளியையும் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். கல்லூரியில் இருக்கும்போதே வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் அந்த ஒரு பக்கத்துக்கு ஒன்பது தடவை நடக்க வேண்டியிருக்கும். உங்கள் விண்ணப்பத்துக்கு யார் உதவினாலும், கணக்கை நீங்களே ஒரு தடவை போடுங்கள். வந்த விடை 2.5-க்கு வெளியே என்றால் அதை மறைத்து வைத்து விண்ணப்பிக்காதீர்கள். அந்த விடைக்குக் கதவு திறக்கிற படிப்புகளைத் தேடுங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் விதி எழுதுகிற இடத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரெகுலேஷன் எழுதும்போது தேர்ச்சிக் கிரேடுக்கு எந்த எண் போடுவது என்று இரண்டு தடவை யோசியுங்கள். அந்த எண் இங்கே யாரையும் ஃபெயிலாக்காது. ஆனால் வருஷா வருஷம் சில நல்ல பிள்ளைகளை எங்கோ ஒரு வாசலில் நிறுத்திவைக்கும். அளவுகோலைத் தெளிவாக, பெரிய எழுத்தில், முடிந்தால் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

அது நடக்கும்வரை, ஜெராக்ஸ் கடைக்குப் போனால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.